கையேட்டில் இல்லாத ஆணைகள்

புதிய வாடகை வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். சுவிட்ச் பலகையில் மூன்று சுவிட்சுகள். முதலாவது விளக்குக்கு, இரண்டாவது மின்விசிறிக்கு என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மூன்றாவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. போட்டுப் பார்க்கிறீர்கள். விளக்கும் எரிகிறது, விசிறியும் சுழல்கிறது! இனி இது ஒன்றே போதும் என்று இருந்துவிடலாமா?

கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதியவர்கள் சிலர் அப்படித்தான் இருந்தார்கள்.

1975-இல் அமெரிக்காவில் 6502 என்ற மைக்ரோபிராசஸர் சிப் 25 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. ஆப்பிள் 2 கணிப்பொறியை இயக்கியது இதுவே. இதற்கு இடும் ஒவ்வோர் ஆணையும் ஓர் எண். எட்டு இரும இலக்கங்களைக் கொண்டு 256 எண்களை எழுதலாம். ஆனால் கையேட்டில் பொருள் கூறப்பட்டவை 151 மட்டுமே. மீதி 105 எண்களை இட்டால் என்ன ஆகும்?

சிப்பினுள் எண்களை வைத்துக்கொள்ள ஏ, எக்ஸ் என்று சிறு அறைகள் உண்டு. இப்போது இவற்றைப் பாருங்கள்:

165 = 10100101: நினைவகத்திலுள்ள எண்ணை ஏ அறையில் வை.
166 = 10100110: அதை எக்ஸ் அறையில் வை.
167 = 10100111: கையேட்டில் இல்லை.

கடைசி இரண்டு இலக்கங்களைக் கவனியுங்கள். 01 என்றால் ஏ அறை திறக்கிறது. 10 என்றால் எக்ஸ் அறை. 11 என்றால்? இரண்டும் திறக்கின்றன! இதை யாரும் திட்டமிடவில்லை. தேவையற்ற எண்களைத் தடுக்கக் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் வேண்டும், விலை ஏறும். ஆகவே தடுக்காமல் விட்டார்கள்.

165, 166 இரண்டையும் தனித்தனியே இட்டால் 4 பைட் இடமும் 6 கடிகாரத் துடிப்பு நேரமும் ஆகும். 167-க்கு 2 பைட், 3 துடிப்பு போதும். விளையாட்டுப் புரோகிராம் எழுதுவோருக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனால் எல்லா எண்களும் இப்படி நல்ல பிள்ளைகள் அல்ல. 2 என்ற ஆணையை இட்டால் சிப் அப்படியே நின்றுவிடும். மறுபடி தொடக்கினால்தான் உயிர் வரும். 139 தரும் விடை சிப்புக்குச் சிப் மாறும். வெப்பநிலையைப் பொறுத்தும் மாறும்.

167-ஐயாவது நம்பலாமா? 1984-இல் வந்த ஆப்பிள் 2சி கணிப்பொறியில் 65சி02 என்ற புதிய சிப் இருந்தது. இந்தச் சிப்பின் அடிப்படை வடிவத்தில் 167 எதுவும் செய்யாது. அதைவிட ஆபத்து, அடுத்த பைட்டில் உள்ள நினைவக முகவரியைச் சிப் ஓர் ஆணையாக எடுத்துக்கொள்ளும்! ராக்வெல் நிறுவனத்தின் வடிவத்தில் அதே 167, நினைவகத்தில் ஓர் இலக்கத்தை 1 ஆக்கிவிடும். 1986-இல் வந்த ஆப்பிள் 2ஜிஎஸ் கணிப்பொறியின் சிப்பிலோ 256 எண்களுக்கும் வேலை ஒதுக்கப்பட்டுவிட்டது. கையேட்டில் இல்லாத ஆணைகளை நம்பிய பழைய புரோகிராம்கள் புதிய கணிப்பொறிகளில் தடுமாறின. கையேட்டின்படி எழுதியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்காரர் பலகையை மாற்றும்போது விளக்கையும் விசிறியையும் பார்த்துக்கொள்வார். அவர் சொல்லாத மூன்றாவது சுவிட்சில் நாளை தண்ணீர் மோட்டாரை இணைக்கலாம்! கையேடு என்பது தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி. "இன்று வேலை செய்கிறது" என்பது வாக்குறுதி ஆகாது. இன்று நீங்கள் எழுதும் புரோகிராமுக்கும் இது பொருந்தும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 6502-இல் 173 ஏ அறைக்கும், 174 எக்ஸ் அறைக்கும் எண்ணைக் கொண்டுவரும் இன்னொரு ஜோடி. இரும எண்ணாக எழுதிப் பாருங்கள். 175 என்ன செய்யும்? கண்டுபிடித்தபின், அதைப் பயன்படுத்துவீர்களா என்றும் யோசியுங்கள்.