பாம்புப் பெண்ணின் காதல்!

ஒரு சிறுவன் வெள்ளைப் பாம்பு வளர்க்கிறான். பெரியவர்கள் திட்டுகிறார்கள். மனம் இல்லாமல் அதை வெளியே விட்டுவிடுகிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. ஒருநாள் புயலடிக்கும் இரவு. அந்தப் பாம்பு அழகிய பெண்ணாக மாறுகிறது! அவனைத் தேடி வருகிறது.

இது சீனப் பழங்கதை. ஜப்பானில் தோயி கம்பெனி 1958-ம் ஆண்டு இதைச் சித்திரப் படமாக எடுத்தது. பெயர் "ஹகுஜாதென்". ஜப்பானின் முதல் முழு நீளக் கலர் சித்திரப் படம் இதுதான். டைரக்டர், தைஜி யாபுஷிதா. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர்கள் இரண்டே பேர்! ஹிசாயா மொரிஷிகே, மரிகோ மியாகி.

குறை எங்கே? கதாநாயகனிடம்தான். குழல் ஊதுகிறான். ஏங்குகிறான். வேறொன்றும் செய்யவில்லை. போதாததற்குப் பாண்டாக் கரடி சண்டைக் காட்சி வேறு. குழந்தைகள் சிரிப்பார்கள். கதையோ நகராமல் நிற்கிறது.

ஆனால் பாம்புப் பெண் எல்லாவற்றையும் மறக்கடிக்கிறாள். காதலன் இறந்துவிடுகிறான். அவனைப் பிழைக்க வைக்கத் தன் மந்திர சக்தி முழுவதையும் கொடுத்துவிடுகிறாள்! சாதாரண மனுஷி ஆகிறாள். பிறகு கடலில் பெரும் புயல். அலைகள் எழும்பும் அந்தக் காட்சி ஒன்றுக்கே படம் பார்க்கலாம்.

காதலர்களைப் பிரிக்கும் சாமியாரும் கெட்டவர் அல்ல. வாலிபனைப் பேயிடமிருந்து காப்பாற்றுவதாகவே நினைக்கிறார்.

பள்ளியில் படித்தபோது இதைப் பார்த்த ஒரு மாணவர், கதாநாயகியிடம் மனதைப் பறிகொடுத்தார். கதை மட்டமானது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனாலும் 1963-ல் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் புகழ்பெற்ற டைரக்டர் ஹயாவோ மியாசாகி.