வேலியோர நொச்சியும் வெந்நீர்ப் பானையும்

சென்ற மார்கழியில் விடுதியில் என் அறைத் தோழருக்குக் கடுஞ்சளி பிடித்தது. ஊரில் பாட்டி செய்வதுபோல் நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கலாம் என்றேன். "இந்த வடநாட்டில் நொச்சிக்கு எங்கே போவது?" என்று அவர் நகைத்தார். மறுநாள் எங்கள் தாவரவியல் தோட்டத்து வேலியிலேயே அதைக் கண்டேன். தோட்டக்காரர் 'நிர்குண்டி' என்றார். பெயர் வேறாயினும் செடி ஒன்றே என்பதற்கு இலையும் பூவும் சான்று கூறின.

முதலில் இலையைக் காண்போம். நொச்சியின் இளங்கிளை நாற்பட்டையாக இருக்கும். கணுவுக்கு இரண்டாக இலைகள் எதிரெதிரே அமையும். அடுத்த கணுவில் அவை குறுக்காகத் திரும்பி நிற்கும். ஒரே காம்பின் நுனியில் கைவிரல்கள் போல மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரிந்திருக்கும். அவற்றுள் நடுவில் உள்ளதே பெரியது. மேற்புறம் பச்சை, அடிப்புறம் வெளுப்பு. அவ்வெளுப்புக்குக் காரணம் நெருங்கி வளர்ந்த நுண்மயிர்களே. நுண்நோக்கியில் பார்த்தால் அம்மயிர்களுக்கிடையே சிறு தலை கொண்ட சுரப்பிகள் தெரியும். அவற்றின் உயிரணுக்கள் ஆக்கும் எண்ணெய், மேலே போர்த்திய மெல்லிய படலத்தின் கீழ்த் தேங்குகிறது. இலையைக் கசக்கும்போது படலம் கிழிகிறது; மணம் எழுகிறது. ஆடுமாடுகள் நொச்சியில் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. அதனாலேயே உழவர் அதை வேலியாக நட்டனர்.

இனிப் பூ. கிளை நுனியில் கொத்துக் கொத்தாக நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் மலரும். புல்லிவட்டம் ஐந்து பற்களுடையது. அல்லிவட்டம் அடியில் குழல். மேலே இரண்டு உதடுகளாகப் பிளந்து ஐந்து மடல்களாகும். கீழுதட்டின் நடுமடலே பெரியது. மகரந்தத் தாள்கள் நான்கு. இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. கனி முதிர்ந்தால் கருமை பெறும். இச்செடிக்கு 1753-இல் லின்னேயஸ் 'வைடெக்ஸ் நெகுண்டோ' என அறிவியற் பெயர் சூட்டினார். நெடுங்காலம் இது வெர்பீனாக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1990-களில் நடந்த ஆய்வுகளுக்குப் பின் துளசிக் குடும்பத்தில் சேர்த்துவிட்டனர்; தேக்கும் அவ்வாறே இடம் மாறியது. மதில் காக்கும் மறவர் சூடியது நொச்சிப்பூ என்று புறப்பொருள் வெண்பாமாலை கூறுவதைத் தமிழ் மாணவர் அறிவர்.

எண்ணெய்க்கு வருவோம். அது ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. சபினீன், கேரியோஃபிலீன், விரிடிஃபுளோரால் ஆகியவை அதில் குறிப்பிடத்தக்கவை. மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப இவற்றின் அளவு மாறும். சபினீன் 10 கரியணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டது. தனியே 160 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அவ்வாறாயின், 100 டிகிரியைத் தாண்டாத வெந்நீர்ப் பானையில் அது எப்படி மேலெழுகிறது?

நீரும் எண்ணெயும் கலவா. ஆகவே ஒவ்வொன்றும் தத்தம் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே செலுத்துகிறது. இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்துக்குச் சமமானதும் கலவை கொதிக்கிறது. 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இது நிகழ்வதால், நீராவியோடு எண்ணெயும் புறப்படுகிறது. ஆய்வுக்கூடத்து வடிகலமும் பாட்டியின் பானையும் செய்வது ஒரே வேலைதான்! கூடை நிறையத் தழையை வடித்தும் எனக்குக் கிடைத்தது சில துளிகளே.

ஆயினும் பானையின் எல்லையையும் உணர வேண்டும். நொச்சியிலையில் நெகுண்டோசைடு, காஸ்டிசின் போன்ற வேறு பொருள்களும் உள. அவை எளிதில் ஆவியாகா, பானையிலேயே தங்கிவிடும். இலையின் குணமெல்லாம் ஆவியில் வந்துவிடும் என்று தோழரிடம் நான் பெருமை பேசியது தவறு. ஆவி பிடித்ததும் அவருக்கு மூக்கடைப்புச் சற்றே தளர்ந்தது, காய்ச்சலோ தணியவில்லை. மூன்றாம் நாள் மருத்துவரிடம் சென்றோம். சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. ஒரு நாள் முன்னரே வந்திருக்கலாமே என்று அவர் கடிந்துகொண்டார்.

பாட்டியின் பானையை நான் பழிக்கவில்லை. அது எதைத் தரும், எதைத் தராது என்று அறிந்து அடுப்பில் ஏற்றுவோம் என்கிறேன். விடுதி நண்பர்களே, அடுத்த முறை தோட்டத்துப் பக்கம் செல்லும்போது நொச்சியிலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அதன் வெள்ளை அடிப்புறம் நம் ஊர் வேலியை நினைவூட்டும்.