ரோமுக்குப் போகும் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு



ஐரோப்பாவில் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு ரோம் நகரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் கொலோசியம். அதைக் கட்டத் தொடங்கியவர் வெஸ்பாசியன் என்ற பேரரசர். கி.பி. 80-இல் அவர் மகன் டைட்டஸ் அதைத் திறந்துவைத்தார்.

அந்த வெஸ்பாசியனின் பொற்காசு புதுக்கோட்டை மண்ணிலும் கிடைத்திருக்கிறது! 1898-இல், சமஸ்தான காலத்தில், கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ ஆகியோரின் காசுகளே அதிகம்.

பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. அவை மீண்டும் நாணயமாகப் புழங்காமல், வெறும் தங்கமாக எடை போட்டு மதிக்கப்படுவதற்காக அப்படி வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலரின் கருத்து. புதையலின் ஒரு பகுதி இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொலோசியத்தின் முன் செல்ஃபி எடுக்கும்போது, கூட வந்த நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள்: இதைக் கட்டியவரின் காசு எங்கள் ஊருக்கு வந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது!