பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

திண்டுக்கல் அருகே சின்னாளபட்டியில் தறி ஓடும் வீடுகளின் பரணைத் தேடினால், அரசு முத்திரை போட்ட ஒரு லேப்டாப் கிடைக்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்த பிள்ளை வாங்கிவந்தது. பிள்ளை வேலைக்குப் போயாயிற்று. லேப்டாப் மேலேயே கிடக்கிறது. எடுத்துத் தூசி தட்டினால் விண்டோஸ் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். “ஹேங் ஆகுது, புதுசு வாங்கிடுங்க” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது, தமிழிலேயே பயன்படுத்தலாம். ஆனால் அதைத் திறந்து பழகக் கற்றுத்தந்தவர்கள் குறைவு. கையில் கொடுத்த ஒரு நல்ல வாய்ப்பை நாம் வீணாக்கிவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்த வாய்ப்பு அவசியமாகிவிட்டது. 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் இலவசத் திருத்தங்கள் இனி தானாக வராது. கள்ளச்சாவி ஊருக்கே தெரிந்த பிறகும் அதே பூட்டைத் தொங்கவிடுவது போன்றது இது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதற்குமேல் விளக்க வேண்டாம். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும் கேட்கிறது. 2011-இல் வாங்கிய கருவியில் இவை கிடையாது.

லினக்ஸில் எதைத் தேர்வது? ராமைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். 2 ஜிபி என்றால் லுபுண்டு போன்ற, இன்னும் எளிய திரையமைப்பு கொண்ட பதிப்பு. இவற்றுக்கு 64-பிட் புராசஸர் வேண்டும்; பழைய விண்டோஸ் ‘32-பிட்’ என்று காட்டினாலும் புராசஸர் 64-பிட்டாக இருக்கக்கூடும். இதைக் கவனிக்காமல் பலர் நல்ல கருவியை ஒதுக்கிவிடுகிறார்கள். மெதுவாக ஓடுவதற்குப் பெரிய காரணம் பல நேரங்களில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேறு கருவி போலத் தோன்றும்.

டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு லினக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. படிப்புக்கும், கடிதம் தட்டச்சு செய்யவும், இணையம் பார்க்கவும் லினக்ஸ் தாராளமாகப் போதும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் திறந்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் இருப்பது எதுவும் அழியாது. வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். பிடித்திருந்தால், பிள்ளையின் பள்ளிக்காலப் படங்களை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.