வீடே வண்டி, இடமே கூலி: அமெரிக்க முதியவர்களின் முகாம் வாழ்க்கை

அறுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு பெரிய வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள். கோடையில் மலைப்பகுதி, குளிர்காலத்தில் பாலைவனம். இப்படி வாழும் அமெரிக்கத் தம்பதியரின் காணொளிகளை நம்மில் பலர் யூடியூப்பில் பார்த்திருப்போம். பார்த்து முடித்ததும் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அவர்களில் பலர் வேலை செய்கிறார்கள் என்பதே பதில். சுற்றுப்பயணிகள் வந்து தங்கும் முகாம் திடல்களில் வண்டிகளுக்கு இடம் காட்டுவதும், கழிப்பறை கழுவுவதும், விறகு விற்பதும் பல இடங்களில் இந்த முதியவர்கள்தான். 'வொர்க்கேம்பிங்' என்று அமெரிக்காவில் இதற்குப் பெயர். வேலையையும் முகாமையும் சேர்த்துக் கட்டிய சொல் அது. 1987இல் தொடங்கப்பட்ட 'வொர்க்கேம்பர் நியூஸ்' என்ற இதழ், இத்தகைய வேலை விளம்பரங்களை வெளியிட்டு அந்தச் சொல்லைப் பரப்பியது.

இந்த வாழ்க்கையில் சுதந்திரம் உண்டு. ஆனால் அதற்குள் ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் காணொளியில் காட்டாத பாதி நமக்குத் தெரியும்.

வண்டிக்குள் வீடு

அமெரிக்கர்கள் 'ஆர்வி' என்று அழைக்கும் வீட்டு வண்டியில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்று, தானே ஓடும் வண்டி. பேருந்து அளவிலும் இருக்கும், வேன் அளவிலும் இருக்கும். மற்றொன்று, பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர்.

உள்ளே மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர். மூன்றாவதில் கழிப்பறைக் கழிவு. தொட்டி நிரம்பினால் வண்டிக்காரரே கையுறை போட்டு, குழாய் மாட்டி வெளியேற்ற வேண்டும். அதற்கென்று யாரும் வரமாட்டார்கள்.

அதனால்தான் வண்டியை நிறுத்தும் இடத்துக்கு அத்தனை மதிப்பு. 30 அல்லது 50 ஆம்பியர் மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் உள்ள இடம் கிடைத்தால் வண்டி முழு வீடாகிவிடும். அந்த இடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். சில ஊர்களில் அது சிறிய வீட்டு வாடகையை நெருங்கும். முகாம் வேலையில் முதலில் கிடைக்கும் கூலி இந்த இடம்தான்.

என்னென்ன வேலை?

முதலாவது, அரசாங்கப் பூங்காக்கள். தேசியப் பூங்காக்களில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொண்டூழியர் திட்டம் நடக்கிறது. மாநிலப் பூங்காக்களிலும் இதுபோன்ற திட்டங்கள் உண்டு. முகாம் பொறுப்பாளராகச் சேரும் தம்பதியருக்கு இலவச இடம் கிடைக்கும், பெரும்பாலும் சம்பளம் இருக்காது. வனத்துறையின் முகாம் திடல்கள் பலவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தனியார் நிறுவனங்கள் மணிக்கணக்கில் சம்பளம் தருகின்றன.

இரண்டாவது, தனியார் முகாம் திடல்கள். அலுவலகத்தில் முன்பதிவு பார்ப்பது, புல் வெட்டுவது, கடையில் நிற்பது, குளியலறை சுத்தம் செய்வது போன்ற வேலைகள் அங்கே இருக்கும். சில இடங்களில் இலவச இடம் மட்டும். சில இடங்களில் இடத்துடன் சம்பளமும் உண்டு.

மூன்றாவது, பருவகாலக் கடின வேலைகள். வட டகோட்டா, மின்னசோட்டா மாநிலங்களில் அக்டோபர் மாதம் சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடக்கும். லாரிகளில் வரும் கிழங்கை இறக்கிக் குவிக்கும் இடத்தில் 12 மணி நேர வேலை. இரவுப் பணியும் உண்டு, குளிரும் கடுமையாக இருக்கும். சில வாரங்களில் நல்ல பணம் கிடைப்பதால் பலர் அங்கே போகிறார்கள். அமேசான் நிறுவனமும் 'கேம்பர்ஃபோர்ஸ்' என்ற பெயரில் 2008 முதல் 2023 வரை வீட்டு வண்டிக்காரர்களைக் கிடங்கு வேலைக்கு எடுத்தது. கிறிஸ்துமஸ் நெருங்கும் மாதங்களில் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் அந்தக் கிடங்குகளின் கான்கிரீட் தரையில் நாள் முழுவதும் நடந்தார்கள்.

முகாம் பொறுப்பாளரின் ஒரு நாள் காலையிலேயே தொடங்கும். பயணிகள் காலி செய்த இடங்களில் நெருப்பு வளையத்திலிருந்து சாம்பலை அள்ள வேண்டும், குப்பையைப் பொறுக்க வேண்டும், கழிப்பறையில் காகிதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் புதிதாக வருபவர்களுக்கு இடம் காட்ட வேண்டும். கரடி நடமாடும் காடுகளில், சாப்பாட்டை வெளியே வைக்காமல் இரும்புப் பெட்டியில் பூட்டும்படி ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். இரவில் யாராவது சத்தமாகப் பாட்டு வைத்தால் அதை நிறுத்தச் சொல்வதும் அவர் வேலைதான். வேலை நேரம் முடிந்தது என்று எழுதிப் போட்டாலும், அங்கேயே குடியிருப்பதால் கதவைத் தட்டுபவர்கள் தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

காகிதத்தில் போடும் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓரிடத்தின் மாத வாடகை 700 டாலர். அதற்கு ஈடாகத் தம்பதியர் இருவரும் சேர்ந்து வாரத்துக்கு 30 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு அது 130 மணி நேரம் ஆகிறது. 700ஐ 130ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 5 டாலர் 38 காசு. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சச் சம்பளம் 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 காசு. அதைவிட இது குறைவு.

அதே இடத்துக்கு வாரம் 20 மணி நேரம் மட்டும் உழைத்தால் கணக்கு மாறும். மணிக்கு ஏறக்குறைய 8 டாலர் கிடைக்கும். அனுபவசாலிகள் பேரம் பேசுவது இந்த மணி நேரத்தைத்தான். இடத்துக்கு எத்தனை மணி, அதற்கு மேல் உழைத்தால் மணிக்கு எவ்வளவு, மின்சாரக் கட்டணம் யாருடையது, வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு, உடம்பு முடியாமல் போனால் எத்தனை நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகே வண்டியைக் கிளப்புவார்கள். ஆயிரம் மைல் டீசல் செலவழித்துப் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சு மாறினால், திரும்பி வரவும் டீசல் வேண்டுமே.

ஓய்வூதியமும் மருத்துவமும்

நம் நாட்டில் ஊழியர் சேமநிதியை மொத்தமாகவும் எடுக்கலாம். அமெரிக்காவின் 'சோஷியல் செக்யூரிட்டி' ஓய்வூதியம் மாதாமாதம் வருவது. 62 வயதில் அதை வாங்கத் தொடங்கலாம். ஆனால் 1960 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவருக்கு முழுத்தொகை கிடைப்பது 67 வயதில்தான். 62லேயே தொடங்கினால் 30 விழுக்காடு குறைந்துவிடும். ஓய்வுபெற்ற ஒருவருக்குக் கிடைத்த சராசரித் தொகை 2025 தொடக்கத்தில் மாதம் ஏறக்குறைய 2,000 டாலர். வாடகைக்கும் மருந்துக்கும் கொடுத்தால் மீதம் அதிகம் இருக்காது. வாடகையை மட்டும் உழைப்பால் ஈடுகட்டினால் மூச்சு விடலாம். முகாம் வேலையின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

முதியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியான 'மெடிகேர்' 65 வயதில்தான் தொடங்கும். அதற்கு முன்பே வேலையை விட்டு வண்டியேறியவர்கள் சொந்தமாகக் காப்புறுதி வாங்க வேண்டும். சில காப்புறுதித் திட்டங்கள் குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்களிடம் மட்டுமே செல்லும். மாநிலம் மாநிலமாகச் சுற்றுபவர்களுக்கு அது உதவாது.

முகவரியும் ஒரு சிக்கல். வீடு இல்லாவிட்டாலும் வாகன உரிமத்துக்கும் வரிக்கும் ஒரு மாநிலம் வேண்டும். மாநில வருமான வரி இல்லாத டெக்சஸ், ஃபுளோரிடா, தென் டகோட்டா ஆகிய மூன்றையும்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்குள்ள அஞ்சல் சேவை நிறுவனங்கள் கடிதங்களை வாங்கி, தம்பதியர் இருக்கும் ஊருக்கு அனுப்பி வைக்கும்.

குளிர்காலத்தில் வண்டிகள் தெற்கே இறங்கும். அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் நிற்கும். அங்குள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தங்குவதற்குப் பல ஆண்டுகளாக 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. மின்சார இணைப்பு கிடையாது. வெயிலும் சூரியத் தகடும்தான் துணை.

விருப்பமா, நெருக்கடியா?

எல்லாரும் ஆசைப்பட்டு வண்டியேறியவர்கள் அல்லர். 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் வேறு வழியில்லாமல் இந்த வாழ்க்கைக்கு வந்தார்கள். ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் அவர்களுடன் பயணம் செய்து 2017இல் எழுதிய நூல்தான் 'நோமட்லேண்ட்'. அதைத் தழுவி குளோயி ஜாவ் இயக்கிய படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்றது.

அந்தக் கதையில் வரும் எம்பயர் என்ற ஊர் நமக்குப் பழக்கமான ஊர்போல் இருக்கும். நெவாடா மாநிலத்தில் ஒரு ஜிப்சம் ஆலைக்காகவே உருவான ஊர் அது. வீடுகள் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். 2011 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. பள்ளி ஆண்டு முடியும்வரை மட்டும் குடும்பங்கள் இருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு ஊரே காலியானது. அஞ்சல் குறியீட்டு எண்கூட நீக்கப்பட்டது.

வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பால் வெட்டிய கை ஓய்ந்தபோதும், தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறியபோதும் நம் பெரியவர்கள் எங்கே போவது என்று நின்றார்கள். முகாம் வேலையிலும் அதே முடிச்சுதான் இருக்கிறது. ஒரே வேறுபாடு, கூரை அவர்களுடையது, நிலம் மட்டும் முதலாளியுடையது.

சக்கரம் நிற்கும் நாள்

வேலை விளம்பரங்களில் பல, தம்பதியரையே கேட்கின்றன. ஓர் இடத்துக்கு இரண்டு பேர் உழைப்பு கிடைக்கும் என்பதுதான் காரணம். அதனால் ஒருவர் நோயில் விழுந்தாலோ இறந்தாலோ, மற்றவருக்குத் துணையோடு சேர்ந்து வேலையும் தங்குமிடமும் போய்விடலாம். வீட்டு வண்டியும் நிலம்போல் விலை ஏறும் சொத்து அன்று. வாங்கிய நாள் முதல் அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே போகும்.

இதை முன்பே உணர்ந்த ஒரு சங்கம் உண்டு. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் 1978இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' சங்கம் டெக்சசின் லிவிங்ஸ்டன் நகரில் இயங்குகிறது. வண்டி ஓட்ட முடியாத வயதை அடைந்தவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருக்க அங்கே ஒரு பராமரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. உணவும், மருத்துவரிடம் போய்வர வாகன வசதியும், பகல்நேரப் பராமரிப்பும் அங்கே வழங்கப்பட்டன. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் மிகச் சில.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மவர்களுக்கும் ஒரு குறிப்பு. சுற்றுப்பயண விசாவில் போய் இந்த வேலையில் சேர முடியாது. சம்பளம் இல்லாவிட்டாலும், உழைப்புக்கு ஈடாக இடம் வாங்குவது ஊதியமாகவே கருதப்படலாம். பயணியாகப் போய் வண்டியை வாடகைக்கு எடுத்துத் தங்கி வரலாம், அதில் தடையில்லை.

இந்த வாழ்க்கையில் நிறைவு காண்பவர்களிடம் பொதுவாக மூன்று காரியங்களைப் பார்க்கலாம். கடனில்லாத வண்டி, மாதாமாதம் வரும் ஓய்வூதியம், உடம்பு முடியாதபோது போய் இறங்க ஓர் இடம். அது மகள் வீடாக இருக்கலாம், சொந்த ஊரில் ஒரு துண்டு நிலமாக இருக்கலாம். மூன்றும் இருப்பவர்களுக்கு முகாம் வேலை பொழுதுபோக்கோடு கூடிய வருமானம். மூன்றாவது இல்லாதவர்களுக்கு, ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அடுத்த இடம் எது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.