சீனக் கணக்கு

எனக்குக் கழுத்து வலி. நாள் பூராவும் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கழுத்து என்ன, கல்தூணே வலிக்கும். கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு டப்பா மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். ''சைனீஸ் மெடிசின் சார்... ரெண்டாயிரம் வருஷ அனுபவம்!''

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் டிராகன். மற்ற பக்கமெல்லாம் சீன எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த டிராகனுக்குத்தான் வெளிச்சம்!

நான் பி.காம். எதையும் விழுங்குவதற்கு முன் வரவு-செலவு எழுதிப் பார்க்கிற ரகம். எழுதினேன்.

முதலில் வரவு. 1967-ல், வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், மலேரியாவுக்கு மருந்து தேடி ஒரு ரகசியத் திட்டம் ஆரம்பித்தது சீன அரசு. அதில் சேர்ந்த து யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய ஏடுகளைப் புரட்டினார். நாலாம் நூற்றாண்டு வைத்தியர் கெ ஹோங், ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். 'காய்ச்சு' என்று சொல்லவில்லையே! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அம்மணிக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில், ஈத்தரில் சாறு எடுத்தார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல் நோபல் பரிசு.

இப்போது செலவு. 1990-களின் ஆரம்பம், பெல்ஜியம். உடம்பு இளைக்க சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு ஒருத்தர் பின் ஒருத்தராகக் கிட்னி போயிற்று. நூறு பேருக்கு மேல்! சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதில், சீன மொழியில் ஏறக்குறைய அதே பெயர் கொண்ட வேறொன்று சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டலோகிக் அமிலம் செய்த வேலை. பிற்பாடு பலருக்கு கான்ஸரும் வந்தது.

டப்பாவை மெதுவாக மேஜையின் கோடிக்குத் தள்ளினேன்.

அக்குபங்ச்சர்? உடம்பில் ஓடும் உயிர்ச்சக்திக்குச் சீனர்கள் வைத்த பெயர் 'சீ'. (முகம் சுளிக்காதீர்கள், பெயரே அதுதான்!) ஊசி அதைச் சீர்செய்கிறதாம். 2007-ல் ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரைச் சோதித்தார்கள். சரியான இடத்தில் குத்தியதில் 47.6 சதவிகிதம் பேருக்குக் குணம். சம்பந்தமில்லாத இடத்தில் லேசாகக் குத்தியதில் 44.2. வழக்கமான வைத்தியத்தில் 27.4 மட்டுமே! குணம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியாத தொகையை ஒதுக்கிவைக்க எங்கள் சப்ஜெக்டில் ஒரு இடம் உண்டு... சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஊசியை அங்கே போட்டேன்.

மிச்சம் உடற்பயிற்சி. சீனப் பூங்காக்களில் காலைவேளையில் பெரியவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெதுவாகக் கைகால் அசைப்பார்களே, அந்த தாய்-சி. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2012-ல் வெளியானது. தாய்-சி செய்தவர்களுக்கு நிதானம் கூடி, கீழே விழுவது குறைந்திருந்தது. செலவு? பூஜ்யம்!

நான் பிடித்துக்கொண்டது அதன் ஒன்றுவிட்ட அண்ணன், பாதுவான்ஜின். எட்டே அசைவுகள். சுங் வம்ச காலத்துச் சரக்கு. இரண்டு கையாலும் ஆகாயத்தைத் தாங்குவது, வில்லை இழுப்பது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது... கடைசியில் குதிகாலைத் தூக்கி ஏழு தடவை 'தொம்' என்று இறக்குவது. மூச்சு நிதானமாகப் போக வேண்டும். சுமார் 12 நிமிஷம்.

மொட்டைமாடியில் ஆகாயத்தைத் தாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடிப் பெரியவர் எட்டிப் பார்த்தார். ''என்ன சார், துணிக்கொடி கட்டறீங்களா? நான் வேணா ஒரு முனையைப் பிடிக்கட்டுமா?''

மூன்று மாதம் ஆகிறது. வலி பாதி குறைந்திருக்கிறது. (கை மரத்துப்போகிற வலியென்றால் ஆகாயத்தைத் தாங்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.) மாத்திரை டப்பா குப்பைக்குப் போய்விட்டது.

''பாத்தியா, சீனாக்காரன் கெட்டிக்காரன்!'' என்றேன் மனைவியிடம்.

''கிழிச்சான்! நாற்காலிக்கு அடியில தலகாணி போட்டு உசத்தி வெச்சது யாரு?''

குறைந்த பாதியை யார் கணக்கில் எழுதுவது? இப்போதைக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!