காத்து கல்லு மாதிரி இருக்கணுமா?

சைக்கிளுக்குக் காத்து அடிச்சதும் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்போம். கல்லு மாதிரி இருந்தால் திருப்தி. நானும் அப்படித்தான் இருந்தேன், போன செமஸ்டர் வரை. இறுக்கமா காத்து ஏத்திக்கிட்டு லேபுக்குக் கிளம்பினேன். தூறல் விட்டு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஹாஸ்டல் பக்கம் ஜல்லி பெயர்ந்து கிடக்கும் வளைவில் முன் சக்கரம் வழுக்கி விழுந்து, முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். இத்தனைக்கும் டயர் புதுசு!

கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்களும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்றால், முன் சக்கரத்தின் மேல் சுமார் 32 கிலோ இருக்கும். 40 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.8 கிலோ. வகுத்தால் 11 சதுர செ.மீ. சொச்சம். அதாவது ரெண்டு பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் டயர் தரையைத் தொடுகிறது. 60 பிஎஸ்ஐ ஏத்தினால் அதுவும் ஒன்றேகால் நாணயமா சுருங்கிடும்.

"உராய்வு சூத்திரத்தில் பரப்பளவே வராதே?" என்று மெக்கானிக்ஸ் படிச்சவங்க மடக்குவீங்க. நியாயம்தான். ஆனால் ரப்பர் அந்த விதிக்கு முழுசா கட்டுப்படாது. அது தரையின் பொடிப்பொடி மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்கிற பொருள். அழுத்தம் கூடக்கூட அதன் உராய்வுக் குணகம் குறையும். அதைவிட முக்கியம், சூத்திரத்தில் இருக்கும் செங்குத்து விசை. இறுகின டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் துள்ளும். துள்ளுற அந்த நொடியில் தரை மேல் விசையே இல்லை, அப்புறம் எங்கிருந்து பிடிமானம்? இளகின டயர் கல்லை உள்வாங்கிக்கிட்டு தரையோடவே போகும். கருங்கல் பாவிய பாதையில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் பெரிய பெரிய வீரர்களே அகல டயர் போட்டு, காத்தைக் குறைச்சுத்தான் ஓட்டுறாங்க.

அதுக்காக ஒரேயடியா குறைச்சுடாதீங்க. ஹேண்டில் கனக்கும், வளைவில் பின்பக்கம் ஆடும். பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை விழும்.

டயரின் பக்கவாட்டில் அச்சடிச்சிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு. அவ்வளவு அடிச்சே ஆகணும்னு இல்லை. கியர் சைக்கிள் பலவற்றில் பைக்கில் இருக்கும் அதே வால்வுதான், கேஜ் வச்சே பார்த்துடலாம். அஞ்சு அஞ்சா குறைச்சு ஓட்டிப் பாருங்க. முன்னால் எடை கம்மி, அதனால் பின்னாலைவிடக் கொஞ்சம் குறைவா வைக்கலாம். என்னோட 1.95 இன்ச் டயரில் இப்போ முன்னால் 35, பின்னால் 40. அந்த வளைவில் துள்ளல் இல்லை. மழை நாளில் இன்னும் மெதுவாத்தான் திரும்புறேன், முட்டிக்கு ஞாபகம் இருக்கு.